கண்ணை மூடிக் கும்பிட்ட நேரம்

என் தங்கையின் கணவன் பனிக்குள் புதைந்து கிடந்தான். அவன் எந்த இடத்தில் புதைந்தான் என்று தெரிந்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான். எனக்குத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டு நிற்க வேண்டிய நேரத்தில் நான் கண்ணை மூடிவிட்டேன்.

வைரவப் பெருமானின் அடியார்களே, எண்பதுகளில், நான் சுவிசுக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் நடந்த காரியம் இது. இத்தனை வருடமாக வீட்டுக்குள் மட்டுமே சொல்லி வந்தேன். இந்த முறை மடைப் படையலுக்கு வந்த இடத்தில், கோவில் மலருக்கு எழுதித் தரும்படி கேட்டார்கள். பெருமான் செய்ததை மட்டும் எழுதிவிட்டு நான் செய்ததை விட்டால் அது பாதிச் சாட்சிதான். ஆகவே என் முட்டாள்தனத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். இப்போது நானும் சிரிக்கிறேன். அன்று அழுதேன்.

நேசன் என் தங்கை பவானியின் கணவன். கல்யாணமாகி ஐந்து மாதத்தில் அவன் ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தது. அப்போது பவானிக்கு வயிற்றில் பிள்ளை. நானும் அவனும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம். புறப்படும்போது, "உன்ரை மனுசனை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று அவளிடம் சொன்னேன். அவள் அதற்கு மேல் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. பெண்பிள்ளை பிறந்த செய்தி கடிதத்தில் வந்தது. பிறகு ஒரு படம் வந்தது. அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் நேசன் உருளைக்கிழங்கு உரிப்பான், பாத்திரம் கழுவுவான், படுப்பான்.

அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு முடிவுக்குக் காத்திருந்த காலம். பேர்ண் மாநிலத்து மலைப்பக்கம் ஒரு சிறிய ஹோட்டலின் சமையலறையில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. ஊரின் பெயரை நான் எழுதவில்லை. முதலாளியின் பிள்ளைகள் இப்போதும் அங்கே தொழில் செய்கிறார்கள். முதலாளியை உவேலி என்று சொல்கிறேன். அவர் மலைவழிகாட்டியும்கூட. கதை குறைந்த மனிதர். அவருடைய மனைவி மார்கிரித் இருவருக்குமாகச் சேர்த்துக் கதைப்பார்.

ஹோட்டலுக்கு மேலே, மூன்று மணி நேர ஏற்றத்தில், உவேலிக்கு ஒரு மலைக்குடில் இருந்தது. மார்ச் மாதத்தில் ஸ்கீயில் மலையேறுகிறவர்கள் அங்கே தங்குவார்கள். அங்கே போக லிஃப்ற் இல்லை, ரோட்டும் இல்லை. ஸ்கீயின் அடியில் வழுக்காத ரோமப் பட்டை ஒன்றை ஒட்டிக்கொண்டு நடந்து ஏற வேண்டும். திரும்பும்போது பட்டையைக் கழற்றிவிட்டுச் சறுக்கி வரலாம். குடில் திறப்பதற்கு முன் சமையல் சாமான்களைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அடுப்பைத் துப்புரவாக்கி வைப்பது எங்கள் வேலை. அதற்காகவே உவேலி இரண்டு குளிர்காலம் எங்களுக்கு ஸ்கீ பழக்கினார். நேசன் ஒரு மாதத்தில் பழகிவிட்டான். வெக்கையில் பிறந்த என்னுடைய கால்களுக்கு இரண்டு குளிர்காலமும் போதவில்லை.

ஸ்கீயைவிட உவேலி பனிச்சரிவைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகம் சொல்லித் தந்தார். காற்றோடு புதுப்பனி விழுந்தால் அடுத்த நாள் வெயிலைக் கண்டு ஏமாந்து வெளிக்கிடக் கூடாது. மரம் இல்லாத சரிவை ஒருவர் பின் ஒருவராகத்தான் கடக்க வேண்டும். ஒருவர் கடந்து முடியும்வரை மற்றவர் அசையாமல் நிற்க வேண்டும். பனிச்சரிவுக்குள் அகப்பட்டால், பனி நிற்கப் போகும் நேரத்தில் கையை முகத்துக்கு முன்னால் கொண்டுவர வேண்டும். வெளியே நிற்கிறவன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கண்ணை எடுக்காமல் பார்க்க வேண்டும். ஆள் கடைசியாக எங்கே தெரிந்தான் என்பதை மனதில் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த இடத்துக்குக் கீழேதான் தேட முடியும். இதை அவர் எத்தனை தரம் சொன்னார் என்று எனக்குக் கணக்கில்லை. நான் ஒவ்வொரு தரமும் தலையாட்டினேன்.

அதோடு ஒரு கருவியும் தந்தார். சோப்புப் பெட்டி அளவு இருக்கும். கயிற்றில் கழுத்தில் மாட்டி, மேல்சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்ள வேண்டும். வெளிக்கிடும்போது அதன் சுவிச்சைப் போட்டுவிட்டால் அது தன்பாட்டில் பீப் பீப் என்று சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்தால், மற்றவர்கள் தங்கள் கருவியைக் கேட்கும் பக்கம் மாற்றி, காதில் குமிழை வைத்துக்கொண்டு தேடலாம். நாங்கள் அதைப் பீப்பர் என்று சொல்லுவோம்.

இனி வைரவரைப் பற்றி. எங்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அவர்தான் காவல். சூலம்தான் அவர். சூலம் இல்லாத இடத்தில் எனக்கு நித்திரை வராது. வந்த முதல் மாதம் உவேலியிடம் புல் வாரும் மூன்று பல்லுக் கவர் ஒன்று கேட்டேன். புதியது வேண்டும், சாணம் படாதது வேண்டும் என்றும் சொன்னேன். மார்கிரித் விசித்திரமாகப் பார்த்தார். உவேலி ஒன்றும் கேட்காமல் கொண்டுவந்து தந்தார். அதன் காம்பைக் கழற்றிவிட்டு எங்கள் அறைச் சுவரில் நிறுத்தி, திருநீறு பூசி, சந்தனப் பொட்டு வைத்தோம். வெள்ளிக்கிழமையில் மரக்கறிதான். சூப்புக்காக வைத்திருந்த மஞ்சள் பட்டாணிப் பருப்பை ஊறவைத்து அரைத்து வடை சுடுவேன். உழுந்து வடை மாதிரி வராது. என்றாலும் வடை வடைதான்.

முதல் வடை சூலத்துக்கு. இரண்டாவது வடை நாய்க்கு. வைரவரின் வாகனம் நாய் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உவேலியின் நாய்க்கு நீரோ என்று பெயர். கன்னங்கரேல் என்று இருக்கும். பனியில் புதைந்தவரைத் தேடும் நாயாக ஆக்க வேண்டும் என்று அவர் அதைக் குட்டியிலிருந்தே பழக்கி வந்தார். அவர் கையால் மட்டுமே அது சாப்பிட வேண்டும், வேறு யாரும் ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் சமையலறை வாசலில் வந்து நின்று வாகனம் என் முகத்தைப் பார்க்கும்போது எப்படித் துரத்துவது? வெள்ளிக்கு வெள்ளி என்று தொடங்கியது. பிறகு நாளுக்கு நாள் என்று ஆனது.

அந்த வருடம் சனவரியில் நீரோவைப் பரீட்சைக்குக் கொண்டுபோனார். பனிக்குள் குழி தோண்டி ஓர் ஆளை ஒளித்து வைத்திருந்தார்களாம். நீரோ அந்த ஆளைத் தாண்டி ஓடிப்போய், பரீட்சை வைக்க வந்தவருடைய பையைக் கிண்டி, உள்ளே இருந்த இறைச்சியைத் தின்றுவிட்டதாம். உவேலி வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு, சமையலறைக்குள் வந்து என்னிடம் ஒரே ஒரு வசனம் சொன்னார். "இந்த நாய் சாப்பாட்டைத்தான் தேடும், மனிதனைத் தேடாது." ஒரு கிழமைக்கு அவர் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. நாலைந்து வருட உழைப்பை நான் வடையால் கெடுத்துவிட்டேன். இருந்தாலும் அடுத்த வெள்ளி வாசலில் அது வந்து நின்றபோது மறுபடியும் கொடுத்தேன். நான் அப்படியான ஆள்.

மார்ச் மாதம் வந்தது. இரண்டு நாள் காற்றோடு பனி கொட்டியது. மூன்றாம் நாள் வெயில். உவேலி போகவில்லை. ரேடியோவில் பனிச்சரிவு அறிவிப்பைக் கேட்டார், வெளியே போய்ப் பனியை வெட்டிப் பார்த்தார், திரும்பி வந்து நாளைக்கும் பார்ப்போம் என்றார். மேலும் ஒரு நாள் பொறுத்துத்தான் போகலாம் என்று தீர்மானித்தார். நாங்கள் போன நாள் ஒரு வெள்ளிக்கிழமை. நான் விடியவே எழும்பி வடை சுட்டு, வெள்ளைத் துணியில் கட்டி, நேசனுடைய முதுகுப்பையில் மேலாக வைத்தேன். என் பையில் மாவும் எண்ணெயும். நீரோவைக் கொட்டிலில் கட்டிவிட்டு வெளிக்கிட்டோம்.

வாசலில் உவேலி காதில் குமிழை வைத்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டி நடந்தோம். இரண்டு பேருடைய பீப்பரும் ஒழுங்காகச் சத்தம் போட்டன. தலையாட்டிவிட்டு, தன்னுடையதையும் அனுப்பும் பக்கம் மாற்றிக்கொண்டு முன்னால் போனார்.

காட்டுக்குள் ஏறினோம். உவேலி வளைவுக்கு அப்பால் போய் மறைந்ததும் எனக்குப் பற்றறி நினைப்பு வந்தது. முந்தின கிழமைதான் குடிலின் ரோச் லைற்றில் பற்றறி செத்துப்போய், இவ்வளவு கெதியாக எப்படித் தீர்ந்தது என்று அவர் புறுபுறுத்திருந்தார். ஊரில் நாங்கள் ரோச் பற்றறியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு கிழமை ஓட்டுகிற ஆட்கள். ஒன்றும் நடக்காத நேரத்தில் ஒரு கருவி கத்திக்கொண்டு கிடப்பதை என்னால் பொறுக்க முடியாது. நேசனைக் கூப்பிட்டேன்.

"நேசன், அதை நிப்பாட்டு. காட்டுக்குள்ளை எங்கை பனி சரியப் போகுது? மேலை போய்ப் போடுவம்."

"உவேலி அறிஞ்சா ஏசுவார், அண்ணை."

"அவர் முன்னாலை போறார். நிப்பாட்டு."

அவன் நிறுத்தினான். நானும் நிறுத்தினேன். அவனுக்கு விருப்பமில்லை என்று எனக்குத் தெரியும். மூத்தவன் சொன்னான் என்பதற்காகவே கேட்டான்.

காடு முடிகிற இடத்தில் போட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். அங்கே போய்ச் சேர்ந்த நேரத்தில், பின்னால் மூச்சிரைக்கிற சத்தம் கேட்டது. நீரோ. கட்டியிருந்த கயிற்றை இழுத்து அறுத்துக்கொண்டு, அறுந்த துண்டு கழுத்தில் தொங்க, நேசனுடைய முதுகுப்பையை மோந்துகொண்டு நின்றது. அங்கே எங்களுக்காகக் காத்து நின்ற உவேலிக்குக் கோபம் வந்துவிட்டது. திருப்பிக் கொண்டுபோய்க் கட்ட நேரமில்லை. வெயில் ஏற ஏறப் பனி இளகும். நாயை நான் கயிற்றில் பிடித்துக்கொண்டு கடைசியாக வர வேண்டும் என்றார். இதெல்லாம் உன்னால் வந்தது என்று சொல்லாமல் என்னைப் பார்த்தார். இந்தக் கலவரத்தில் பீப்பரை நான் மறந்துபோனேன். நேசனும் மறந்துபோனான்.

எங்களுக்கு முன்னால் மரமில்லாத ஒரு சரிவு. அகலம் அதிகமில்லை. ஊரில் ஒரு கோவில் வெளிவீதியைக் கடக்கிற தூரம்தான். உவேலி முதலில் கடந்தார். அந்தப் பக்கம் இருந்த பாறைக்குப் பின்னால் போய் நின்று சத்தம் கொடுத்தார். அங்கிருந்து அவருக்குச் சரிவு தெரியாது. பிறகு நேசன் இறங்கினான். நான் நாயின் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டோரத்தில் நின்று பார்த்தேன்.

அவன் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. தூரத்தில் யாரோ கனமான கதவைச் சாத்தின மாதிரி. அவனுக்கு மேலே பனியில் ஒரு கோடு விழுந்தது. அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த சரிவு முழுவதும் நகரத் தொடங்கியது. நேசன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் எனக்குத் தெரிந்தது.

நான் கண்ணை மூடினேன். இரண்டு கையையும் கூப்பினேன். "வைரவா, வைரவா, என்ரை அப்பு" என்று கத்தினேன். சின்ன வயதிலிருந்து பயம் வந்தால் என் உடம்பு செய்கிற காரியம் அது. நான் யோசித்துச் செய்யவில்லை. நாலைந்து மூச்சு விடுகிற நேரம் அப்படியே நின்றிருப்பேன்.

கண்ணைத் திறந்தபோது வெள்ளைத் தூசி படிந்துகொண்டிருந்தது. சரிவு வேறொரு சரிவாக இருந்தது. கீழே கட்டி கட்டியாகப் பனி குவிந்து கிடந்தது. நேசன் இல்லை.

உவேலி பாறைக்குப் பின்னாலிருந்து வந்து நேராகக் கீழே சறுக்கினார். நானும் எப்படியோ விழுந்து எழும்பிப் போய்ச் சேர்ந்தேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்னிடம் கேட்டார்: கடைசியாக எங்கே கண்டாய்? நான் கையை நீட்டினேன். கை ஓரிடத்தில் நிற்கவில்லை. மறுபடியும் கேட்டார். நான் சொன்னேன், நான் கண்ணை மூடிவிட்டேன், கும்பிட்டேன். அவர் பீப்பரைக் கேட்கும் பக்கம் மாற்றி, காதில் குமிழை வைத்து, குவியலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கருவியைத் தட்டிப் பார்த்தார். மறுபடியும் நடந்தார்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. நான் வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். கருவி பழுது என்று அவர் நினைத்திருப்பார். ஆனால் அவர் காதை நம்பி நடந்துகொண்டிருந்த ஒவ்வொரு அடியும் வீண் அடி. "அது நிப்பாட்டியிருக்கு. நான்தான் நிப்பாட்டச் சொன்னனான்" என்று எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் காதிலிருந்து குமிழை எடுத்தார். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு பையிலிருந்து நீளக் கம்பியை எடுத்துப் பொருத்தி, பனியில் குத்திக் குத்திப் பார்க்கத் தொடங்கினார். அவ்வளவு பெரிய குவியலில் ஒரு கம்பி.

அடியார்களே, நான் அந்த இடத்தில் முழங்காலில் விழுந்துவிட்டேன். பவானியின் முகம் வந்தது. படத்தில் இருந்த பிள்ளையின் முகம் வந்தது. நான் பாத்துக்கொள்ளுறன் என்று சொன்ன என் குரலே என் காதில் கேட்டது. அவனுக்குப் பதிலாக என்னை எடு என்று கேட்டேன். பிறகு, அவனைத் தந்தால் வடைமாலை சாத்துவேன், நான் செய்த ஒன்றையும் ஒருவருக்கும் மறைக்க மாட்டேன் என்று நேர்ந்தேன். ஆனால் இந்த முறை கண்ணை மூடவில்லை. மூடப் பயமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தரம் மூடி ஒருவனைத் தொலைத்துவிட்டேன். கண்ணை விரித்துக்கொண்டு, பனியைப் பார்த்துக்கொண்டுதான் கும்பிட்டேன்.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் கண்டேன். குவியலின் கீழ் ஓரத்தில், நாங்கள் இருவரும் தேடிக்கொண்டிருந்த இடத்திலிருந்து தள்ளி, கறுப்பாக ஒன்று கிண்டிக்கொண்டிருந்தது. நீரோ. நான் அதைக் கயிற்றில் பிடித்திருக்க வேண்டும். என் கையைப் பார்த்தேன். கயிறு இல்லை. மேலே நின்று கை கூப்பினேன் அல்லவா? அந்த நேரத்தில் கயிறு நழுவியிருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை.

உவேலியும் கண்டார். விசிலடித்துக் கூப்பிட்டார். அது வரவில்லை. அவர் அதைத் திட்டினார். இந்த நேரத்திலும் அதற்குச் சாப்பாடுதான் என்று சொன்னார். அந்தச் சொல் என் காதில் விழுந்ததும் நான் எழும்பினேன்.

"ஓம், சாப்பாடுதான். சாப்பாடு நேசனிட்டைத்தான் இருக்கு. அவன்ரை முதுகிலை."

இதை நான் தமிழில்தான் கத்தினேன். பிறகு ஜெர்மனில் சொன்னேன். உவேலிக்கு விளங்கியது. அவர் அந்தக் கட்டிகளுக்கு மேலாக ஓடிய ஓட்டத்தை நான் இன்றைக்கும் காண்கிறேன்.

நாய் கிண்டிய இடத்தில் கம்பியைக் குத்தினார். இரண்டாவது குத்தில் கம்பி மெத்தென்ற ஒன்றில் போய் நின்றது. அவர் பனி அள்ளும் சவளால் வெட்டினார். நானும் வெட்டினேன். சரிவு நின்ற பிறகு பனி சீமெந்து மாதிரி இறுகிவிடுகிறது. முதலில் தெரிந்தது வெள்ளைத் துணி. பை கிழிந்து, வடைப் பொதி பாதி வெளியே வந்திருந்தது. நீரோ அதைக் கவ்வப் பார்த்தது. உவேலி அதைத் தள்ளவில்லை. பைக்குக் கீழே முதுகு. முதுகுக்கு அங்கால் தலை. முகம் குப்புறக் கிடந்தது. ஒரு கை முகத்துக்கு முன்னால் மடிந்திருந்தது. உவேலி சொல்லித் தந்ததை அவன் மறக்கவில்லை. அந்தக் கைக்கும் வாய்க்கும் இடையில் ஒரு கிண்ணம் அளவு இடம் இருந்தது.

உதடு நீலம். உவேலி வாய்க்குள் இருந்த பனியை விரலால் எடுத்துவிட்டு, இரண்டு மூன்று தரம் ஊதினார். நேசன் இருமினான். அந்த இருமலைவிட நல்ல சத்தம் ஒன்றை நான் என் ஆயுளில் கேட்டதில்லை. உவேலி மணிக்கூட்டைப் பார்த்தார். பதினான்கு நிமிடம் என்றார்.

நேசன் கண்ணைத் திறந்து என்னைத் தேடினான். "அண்ணை, உங்கடை குரல் எனக்குக் கேட்டது. நான் கத்தினன். உங்களுக்குக் கேக்கேல்லையோ?" என்றான்.

அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பனிக்குள் இருப்பவருக்கு வெளியே கதைப்பது கேட்குமாம், உள்ளே இருந்து கத்துவது வெளியே வராதாம். உவேலி பிறகு சொன்னார். கடைசியாக எங்கே கண்டாய் என்று அவர் என்னைக் கேட்டதும், நான் கண்ணை மூடிவிட்டேன் என்று சொன்னதும் அவனுக்குக் கேட்டிருக்கிறது. அதைப் பற்றி அவன் இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உவேலி வயர்லெஸ்சில் கதைத்து ஹெலிகொப்டரை வரவழைத்தார். தோள்பட்டை எலும்பு ஒன்றும் கணுக்காலும் உடைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் தாதி அவன் சட்டையைக் கழற்றும்போது பையில் இருந்த படம் நனைந்து சுருண்டிருந்ததாம். காயவைத்துத் தரும்படி அவளிடம் கையால் காட்டியிருக்கிறான்.

அன்று பின்னேரம் நானும் உவேலியும் சமையலறை மேசையில் இருந்தோம். அவர் மூன்று பீப்பரையும் திறந்து பற்றறிகளை எடுத்துவிட்டு, புதியது போட்டார். பழையதை என் முன்னால் வைத்தார். பற்றறி தீர்ந்தால் கடையில் வாங்குவேன், உன் தங்கைக்கு இன்னொரு கணவனை எந்தக் கடையில் வாங்கிக் கொடுப்பது என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்றே நினைத்தேன். பிறகு அவர் இன்னொன்று கேட்டார்.

"உங்கள் கடவுள், கண்ணை மூடினால்தான் வருவாரா?"

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். என்னை வேலையிலிருந்து அவர் நிறுத்தவில்லை.

நேசன் ஊன்றுகோலோடு திரும்பி வந்த முதல் வெள்ளி வடைமாலை சாத்தினோம். பட்டாணிப் பருப்பு வடையில் நடுவில் ஓட்டை போட்டுக் கோர்த்தால் அது உடைந்து உடைந்து விழும். நூலுக்குப் பதிலாக மார்கிரித் இறைச்சி கட்டும் கயிறு தரப் பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லி, அவருடைய பின்னல் நூலை வாங்கினேன். இருபத்தொரு வடை கோர்க்க நாற்பது சுட்டேன். உவேலியும் மார்கிரித்தும் வாசலில் நின்று பார்த்தார்கள். தீபம் காட்டி முடிந்ததும் உவேலி தானே மாலையிலிருந்து ஒரு வடையைக் கழற்றி, தன் கையால் நீரோவுக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் என்னைத் தடுக்கவில்லை. நீரோவை மறுபடியும் இரண்டு தரம் பரீட்சைக்குக் கொண்டுபோனார். அது ஒருநாளும் சித்தியடையவில்லை.

பவானிக்குக் கடிதத்தில் எழுத வேண்டாம் என்று நேசன் மறித்துவிட்டான். அவள் அங்கே தனியே இருந்து பயப்படுவாள் என்றான். பல வருடம் கழித்து அவளும் பிள்ளையும் வந்து சேர்ந்தார்கள். வந்த இரண்டாவது கிழமை, நேர்ந்தபடி, அவள் முன்னால் இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பற்றறியை, கண்ணை, கயிற்றை, ஒன்றையும் விடவில்லை. எழும்பிப் போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் போகவில்லை.

"நீங்கள் கண்ணை மூடாமல் நிண்டிருந்தால் நாயையும் விடாமல் பிடிச்சுக்கொண்டெல்லே நிண்டிருப்பியள், அண்ணை" என்றாள். பிறகு, "ஆனால் பீப்பரை நிப்பாட்டினதுக்கு உங்களை நான் மன்னிக்கேல்லை" என்றும் சொன்னாள். அதைச் சொல்லிவிட்டு எனக்குச் சோறு போட்டாள்.

அன்றிலிருந்து என்னில் மாறியவை அதிகமில்லை. இப்போதும் தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடுகிறவன்தான், லைற்றை அணைத்துக்கொண்டு திரிகிறவன்தான். ஆனால் ஓர் உயிர் தொங்குகிற இடத்தில் மிச்சம் பிடிப்பதில்லை. உவேலியோடு அதற்குப் பிறகு எட்டு குளிர்காலம் மலை ஏறினேன். வாசலில் போட்ட பீப்பரைத் திரும்பி வந்து சப்பாத்துக் கழற்றிய பிறகுதான் நிறுத்தினேன். பெருமான் காப்பாற்றுவார் என்பதற்காகக் கருவியை நிறுத்துவது பக்தி இல்லை. அவர் தந்த கண்ணை மூடிவிட்டு அவரையே தேடச் சொல்வதும் பக்தி இல்லை. இதை நான் விலை கொடுத்துப் படித்தேன். அந்த விலையைக் கடைசி நேரத்தில் அவர் வாங்காமல் விட்டார்.

உங்களில் எத்தனையோ பேர் என்னைவிடப் பெரிய சரிவுகளுக்குக் கீழே கிடக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். நோய் வருத்தம், விசா, பிள்ளைகள், ஊரில் விட்டு வந்தவர்கள். உள்ளே இருந்து கத்துவது வெளியே ஒருவருக்கும் கேட்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். கேட்கிற காது ஒன்று இருக்கிறது. பரீட்சையில் தவறின நாயைக்கூட அது அனுப்பும். நம்பிக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு வெள்ளியும் சூலத்துக்கு முன்னால் நிற்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் விழித்துப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இனி உங்களுக்குக் காரணம் தெரியும். கண்ணை நான் மூடுவதில்லை. கையை மட்டும் கூப்புகிறேன். கூப்புகிற கையால் வேறொன்றையும், ஒரு நாயின் கயிற்றைக்கூட, பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.